கோடு யாருக்காக?

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே, வீதியின் நடுவே தீட்டப்படும் வெள்ளைக் கோட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். சிலம்பும் கூத்தும், கவிதையும் விமர்சனமும் இடம்பெற வேண்டிய பக்கங்களிலே சாரதிகளுக்குரிய சங்கதி எதற்கு என அவர்கள் வினவக்கூடும். ஒரு சமூகத்தின் பண்பாட்டை அதன் மேடைகளில் மட்டும் தேடுபவர் அதிற் பாதியையே காண்பர். மறுபாதி அதன் வீதிகளிலே கிடக்கின்றது என்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை. வலியவன் எளியவனை எவ்வாறு கடந்து செல்கின்றான் என்பதிலும் பார்க்கப் பண்பாட்டுக்குச் சிறந்த உரைகல் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நமது வீதிகளின் ஒழுங்கீனத்தைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் படித்தோர் மத்தியில் நிலவுகின்றன. நம்மவர்க்குச் சட்டம் விளங்காது, பொலிசாரின் தண்டப்பணம் ஒன்றே மருந்து என்பது ஒன்று. முன்னைய நாளில் வாவிக்கரை மக்களிடம் விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை இருந்தது, அகன்ற வீதிகள் வந்ததும் அது மாண்டுபோயிற்று என்பது மற்றையது. முன்னையது அதிகாரியின் வாதம். பின்னையது கவிஞனின் புலம்பல். இரண்டுமே பிழையானவை என்பதை நிறுவுவதும், அக்கோடு உண்மையில் யாருக்காகப் போடப்பட்டது என்பதை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய பாலம் கற்பித்த பாடம்

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைக்கும் இரும்புப் பாலத்தை அறியாதார் நம்மிடையே இலர். 1924இல் கட்டப்பட்டு, அன்றைய தேசாதிபதி வில்லியம் மானிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கி நின்ற அப்பாலம் ஏறத்தாழ 288 மீற்றர் நீளமுடையது. பாடும் மீன்களின் கதையை அதனோடு இணைத்துப் பேசுவோர் பலர். ஆனால் அதன் அகலத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஒரு நேரத்தில் ஒரு திசைக்கே இடங்கொடுக்கக்கூடிய ஒற்றை வழிப் பாலம் அது. கல்லடிப் பக்கத்து வாகனங்கள் வருகையில் நகரப் பக்கத்து வாகனங்கள் காத்து நின்றன. பின்னர் முறை மாறிற்று. 2013இல் யப்பானிய உதவியுடன் அதனருகே புதிய பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரைக்கும் நகருக்கும் இடையிலான வாழ்வு முழுவதும் இந்தக் காத்திருப்பின் ஊடாகவே நகர்ந்தது. வடக்கே ஓட்டமாவடிப் பழம்பாலத்தில் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே புகையிரதமும் மோட்டார் வாகனங்களும் ஒரே பாலத்தைப் பகிர்ந்துகொண்டன.

இப்பாலங்களின் நடுவே கோடு எதுவும் இருக்கவில்லை, இருக்கவும் இயலாது. இருப்பினும் ஒழுங்கு இருந்தது. இதனைக் கண்டே நமது மூத்தோர், 'அந்தக் காலத்து மனிசர் பொறுமைசாலிகள்' எனப் பெருமூச்செறிகின்றனர். ஆயின் அந்தப் பொறுமையின் அடித்தளத்தைச் சற்று ஆராய்ந்து நோக்குதல் வேண்டும். முறை தவறிப் பாலத்தில் ஏறியவனுக்கு என்ன நேர்ந்தது? நடுப்பாலத்தில் எதிரே வந்தவனோடு முகத்துக்கு முகம் நின்றான். இருவரில் ஒருவர் பின்னோக்கி ஊர்ந்தே வெளியேற வேண்டியிருந்தது. பஸ் வண்டியாயினும் மாட்டு வண்டியாயினும் தவறின் விலை ஒன்றே. தவறு செய்தவனே அதன் பலனை உடனடியாக அனுபவித்தான். அந்தப் பாலத்தைக் காத்து நின்றது முன்னோரின் பெருந்தன்மை அன்று. தீங்கு யாவர்க்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருந்த நிலைமையே ஆகும்.

இன்று நமக்குக் கிடைத்திருப்பன இருவழி வீதிகள். எதிரே வருபவனுக்கு அவனது பாதி, நமக்கு நமது பாதி. முந்திச் செல்பவன் எதிரே வருபவனின் பாதியைக் கடனாக எடுத்துக்கொள்கின்றான். அக்கடனை உரிய நேரத்தில் திருப்பிக் கொடுக்க முடியாத வேளையில் விலை செலுத்துவது யார்? பஸ் வண்டியும் துவிச்சக்கர வண்டியும் நேருக்கு நேர் சந்திக்கையில் அதற்கு விடை சொல்லப் பட்டப்படிப்புத் தேவையில்லை. தீங்கு சமமாகப் பங்கிடப்படாத இடத்திலே பெருந்தன்மையை நம்பியிருத்தல் பேதைமை. கோடு அங்கேதான் தேவைப்படுகின்றது.

மணலில் தள்ளப்பட்டவர்

இக்கோட்டின் பிறப்பு வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. வீதியின் நடுவே கோடு வரையும் வழக்கம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வேய்ன் மாவட்டத்தில் 1911ஆம் ஆண்டளவில் எட்வேட் ஹைன்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டதென்பர். ஆனால் என் உள்ளத்தைத் தொட்டது கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜூன் மக்கரோல் என்னும் பெண் மருத்துவரின் கதையே. 1917ஆம் ஆண்டளவில் அவர் தமது சிறிய காரிலே சென்றுகொண்டிருந்தபோது, எதிரே வந்த பெரிய லொறி ஒன்று வீதியின் நடுப்பகுதியைக் கவர்ந்துகொண்டு வந்தது. லொறியோடு மோதுவதா, வீதியை விட்டு மணலில் இறங்குவதா என்னும் நிலை. அவர் மணலைத் தேர்ந்தார். அதன்பின் வீதிக்கு நடுக்கோடு வேண்டுமென அதிகாரிகளிடம் மன்றாடினார். பலன் கிட்டாதபோது தாமே ஒரு கோட்டை வரைந்தும் காட்டினார். பல ஆண்டு முயற்சியின் பின்னர் 1924இல் கலிபோர்னிய நெடுஞ்சாலை ஆணைக்குழு அதனை ஏற்றுக்கொண்டது. நமது கல்லடிப் பாலத்துக்கும் அதே ஆண்டென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், அக்கோட்டை வேண்டி நின்றவர் பொலிஸ் அதிகாரி அல்லர். லொறியின் உரிமையாளரும் அல்லர். மணலிலே தள்ளப்பட்ட ஒருவரே. வலியவன் கோட்டை ஒருபோதும் கேட்பதில்லை. அது அவனுக்குத் தேவையும் இல்லை. அவனது வாகனத்தின் பருமனே அவனுக்கு வழிசமைத்துக் கொடுக்கும். 'இந்தப் பாதி உன்னுடையது, உன்னைக் காட்டிலும் பெரியவன் வந்தாலும் உன்னுடையதே' என எளியவனுக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட உறுதிப் பத்திரமே அக்கோடு. அதனை மீறுபவன் மீறுவது மையையன்று, அந்த உறுதியை.

இதனை நான் நூலிலே மட்டும் படித்து எழுதவில்லை. ஒரு நாட் காலை நகரிலிருந்து வந்தாறுமூலைக்கு வந்துகொண்டிருந்த பஸ் வண்டியில் நானும் இருந்தேன். தன்னாமுனையைத் தாண்டிய சற்று நேரத்தில் முன்னே சென்ற வான் ஒன்றை எமது வண்டி முந்தத் தலைப்பட்டது. எதிரே மீன்பெட்டியைப் பின்னாலே கட்டிய ஒருவர் துவிச்சக்கர வண்டியில் வந்தார். அவர் தமது பக்கத்திலேயே வந்தார். ஒலிப்பான் அலறிற்று. அவர் தார் விளிம்பை விட்டுக் கிரவலில் இறங்கினார், சறுக்கி வீழ்ந்தார், பெட்டி கவிழ்ந்து மீன்கள் மண்ணிலே சிதறின. வண்டி நிற்கவில்லை. ஐம்பது பேருக்குக் குறையாதோர் உள்ளே இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். விரிவுரைக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரத்தை எனக்கு ஈட்டித் தந்தவர் யார் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று எண்ணுகின்றேன்.

ஒரு சிறு கணக்கு

முந்திச் செல்வது காலத்தை மிச்சப்படுத்தும் என்னும் நம்பிக்கையைக் கலைப்பீட மாணவன் ஒருவனின் எளிய கணக்கே தகர்த்துவிடப் போதுமானது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பஸ், 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வானை முந்துவதாகக் கொள்வோம். இரு வாகனங்களின் நீளத்தையும், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்தால், பஸ் வண்டி வானைக் காட்டிலும் 50 மீற்றர் கூடுதலாக ஓடவேண்டும். வேக வேற்றுமை மணிக்கு 10 கிலோமீற்றரே. அதாவது செக்கனுக்கு மூன்று மீற்றருக்கும் குறைவு. ஆகவே அதற்கு 18 செக்கன்கள் தேவைப்படும். அந்நேரத்தில் பஸ் 300 மீற்றர் ஓடியிருக்கும். எதிரே அதே வேகத்தில் வரும் வாகனமும் 300 மீற்றர் ஓடியிருக்கும். எனவே பழுதின்றி முந்துவதற்கு 600 மீற்றர் வெறுமையான வீதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். கல்லடிப் பாலத்தைப் போன்ற இரண்டு பாலங்களை நீளவாக்கில் வைத்தாலும் அத்தூரம் நிரம்பாது! நமது சாரதிகளுள் எத்தனை பேர் அவ்வளவு தூரம் தெளிவாகக் கண்டபின் முந்துகின்றனர்?

இனி ஈட்டிய பயனைப் பார்ப்போம். நகரிலிருந்து வந்தாறுமூலை 16 கிலோமீற்றர். இடையில் எங்குமே தரிக்காது 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் 16 நிமிடம். 50இல் வந்தால் 19 நிமிடம் சொச்சம். வேறுபாடு மூன்று நிமிடம். ஏறாவூரிலும் செங்கலடியிலும் ஆட்களை ஏற்றி இறக்கும்போது அந்த மூன்று நிமிடமும் கரைந்துவிடும். மூன்று நிமிடத்துக்காக ஒருவரின் ஒரு நாட் பிழைப்பு மண்ணிலே கொட்டப்பட்டது என்பதே இக்கணக்கின் முடிவு.

மனுநீதியின் மயக்கம்

தண்டப்பணமே மருந்து என்போருக்கு இப்போது வருவோம். தண்டனை வேண்டாமென நான் கூறவில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இந்நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் உள்ளது. இருந்தும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இலங்கையின் வீதிகளில் மடிகின்றனர். 2023 ஜூலையில் மன்னம்பிட்டியில் பஸ் வண்டி ஒன்று பாலத்தை விட்டு வீழ்ந்து பத்துக்குக் குறையாத உயிர்களைக் காவுகொண்டபோது கிழக்கு முழுவதும் துக்கத்தில் ஆழ்ந்தது. அதன் பொறுப்பை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அந்நாட்களில் எங்கும் கேட்ட குரல் 'தண்டியுங்கள்' என்பதே. சில வாரங்களில் அக்குரலும் ஓய்ந்தது. வீதிகள் முன்போலவே இயங்கின.

தமிழர் நமக்கு இம்மனப்பாங்கு புதியதன்று. நமது இலக்கியத்தில் மிகப் பிரசித்தி பெற்ற வீதி விபத்து எது? திருவாரூர்த் தெருவிலே இளவரசனின் தேர்க்காலில் பசுக்கன்று நசுங்கியதே. கண்ணகி பாண்டியன் அவையிலே அதனை எடுத்துரைத்தாள். பெரிய புராணம் அதனை விரித்துப் பாடிற்று. தன் மைந்தனையே தேர்க்காலில் இட்ட மன்னனைப் போற்றிப் போற்றி நாம் தலைமுறைகளைக் கடத்திவிட்டோம். ஆயின் அத்தெருவில் தேர் எவ்வளவு வேகத்தில் ஓடிற்று, கன்றும் மக்களும் நடமாடும் வீதியில் தேருக்கென ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்ததா என நாம் கேட்டதுண்டா? இறந்தபின் வழங்கப்படும் நீதியின் மகத்துவத்தில் மயங்கி, இறவாதிருக்கச் செய்யும் விதியின் எளிமையை மறந்துவிட்டோம். ஆராய்ச்சி மணியிலும் ஒரு சிறிய வெள்ளைக் கோடு கன்றுக்கு அதிகம் உதவியிருக்கும். கண்ணகியை ஊர்தோறும் குளிர்த்தி பாடி வழிபடும் மண்ணிலே பிறந்தவன் என்ற உரிமையோடு இதனைச் சொல்கின்றேன்.

கோடு வரைவோர் மறந்தவை

இவ்வளவும் கூறியதனால் வீதி அமைப்போரை நான் பாராட்டுகின்றேன் என எவரும் கருதவேண்டாம். அவர்கள்மீதும் எனக்குக் குற்றச்சாட்டு உண்டு. வீதியின் இரு பாதிகளையும் அளந்து கோடு கீறியவர்கள் மோட்டார் வாகனத்தை மனத்திற் கொண்டே அளந்தனர். நமது வீதிகளில் பயணம் செய்வோர் யாவர்? பெட்டி கட்டிய மீன் வியாபாரி, மூவராகச் சேர்ந்து சைக்கிளோட்டிப் பாடசாலை செல்லும் பெண் பிள்ளைகள், பெரும்போக அறுவடைக் காலத்தில் நெல்மூட்டை சுமந்துவரும் உழவு இயந்திரங்கள், மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டுப் பட்டிகள். இவர்களுக்குரிய இடம் ஓரக்கோட்டுக்கு வெளியே எஞ்சும் ஒடுங்கிய கரையே. அக்கரையிலும் கடைக்கு வந்தவரின் வாகனம் நிற்கும். அறுவடை முடிந்தால் நெல் காயும். நெல்லைக் காயவைக்கும் விவசாயியை வைவது எளிது. உலர்த்தும் தளங்கள் போதிய அளவில் ஊர்தோறும் இருந்தால் அவன் ஏன் தார் வீதியை நாடப்போகின்றான்?

மேலும், வீதியில் ஒருமுறை கோடு கீறிவிட்டால் அது காலமெல்லாம் நிலைக்கும் என்பது ஓர் எண்ணம். கண்ணாடி மணிகள் கலந்து இடப்படும் பூச்சே இரவில் வாகன வெளிச்சத்தைத் திருப்பியனுப்பி ஒளிரும். நமது பிரதேசத்தில் கார்த்திகை முதல் தை வரை கொட்டும் மாரியும், வெள்ளம் கொண்டுவரும் மணலும் அதனைத் தேய்த்துவிடுகின்றன. பகலில் மங்கலாகத் தெரியும் கோடு, மழை இரவில் அறவே மறைந்துவிடும். மறைந்த கோடு கிழிந்த உறுதிப் பத்திரத்துக்குச் சமம். ஒவ்வொரு மாரி கழிந்தபின்னும் கோடுகளைப் புதுப்பிப்பது வாய்க்காலைத் தூர்வாருவதுபோல் வழமையான கடமையாக்கப்பட வேண்டும்.

வீதி அடையாளங்கள் பற்றிய 1968ஆம் ஆண்டின் வியன்னாச் சமவாயம், தொடர்கோட்டைக் கடத்தலாகாது என்றும், தொடர்கோடும் விட்டுவிட்டு இடப்பட்ட கோடும் அருகருகே இருப்பின் சாரதி தனக்கு அண்மையிலுள்ள கோட்டுக்கே கட்டுப்பட வேண்டும் என்றும் விதித்துள்ளது. வீதிப் போக்குவரத்து பற்றிய அதே ஆண்டுச் சமவாயம், முந்தப்படுபவன் ஓரமாக ஒதுங்கி வேகத்தைக் கூட்டாதிருக்க வேண்டும் என்கிறது. இவ்விறுதி விதியை நினைக்கும்போதெல்லாம் நமது பஸ் வண்டிகளின் ஓட்டப் பந்தயம் கண்முன் தோன்றும். முந்தவிடாது வேகத்தைக் கூட்டுவதே அங்கு வீரம். ஆனால் இதனைச் சாரதியின் திமிர் என்று மட்டும் கூறிக் கைகழுவிவிட முடியாது. அன்றாட வசூலிலேயே சாரதியினதும் நடத்துநரினதும் வருமானம் தங்கியிருக்கும்வரை, அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பயணி அவர்களுக்கு இரையாகவே தென்படுவான். வடசேரியும் தென்சேரியும் மோதும் கொம்புமுறியிலே கூடப் போட்டிக்கு விதி உண்டு, களம் உண்டு, முடிவில் ஊரவர் ஒன்றுபடுவதும் உண்டு. வீதியிலே நடக்கும் இப்போட்டிக்கு விதியும் இல்லை, களமும் இல்லை, பார்வையாளரே பலியாகின்றனர். நிலையான சம்பளமும் ஒழுங்கான நேர அட்டவணையும் இன்றிச் சாரதிக்கு அறிவுரை கூறுவது பசித்தவனுக்கு விரத மகிமை போதிப்பதாகும்.

ஒழுங்கையும் ஒழுங்கும்

முந்துதலைப் போன்றே இணைதலும் நமக்குக் கைவராத கலையாகும். செங்கலடிச் சந்தியிலே பதுளை வீதி திருகோணமலை வீதியோடு சேருமிடத்தில் மாலை வேளையில் சற்று நின்று பாருங்கள். முச்சக்கர வண்டி மூக்கை நுழைக்கும். லொறி அதன்மேல் சாயும். மோட்டார்ச் சைக்கிள் இரண்டுக்கும் இடையால் வழுக்கும். எவரும் நகரார். ஜேர்மனியின் வீதிச் சட்டம், இரு நிரைகள் ஒன்றாகும் இடத்தில் இப்பக்கத்திலிருந்து ஒன்று, அப்பக்கத்திலிருந்து ஒன்று என மாறிமாறிச் செல்லவேண்டுமென எழுதியே வைத்திருக்கின்றது. நமக்கு இதைக் கற்றுக்கொள்ள ஜேர்மனிக்குச் செல்ல வேண்டியதில்லை. பின்னற் கோலாட்டம் ஆடும் சிறுமியரைப் பார்த்தாலே போதும். ஒருத்தி உள்ளே, அடுத்தவள் வெளியே என முறை தவறாது புகுந்து வருவதனாலேயே கயிறு பின்னலாகின்றது. ஒருத்தி அவசரப்பட்டால் அனைவரது கயிறும் சிக்கலாகின்றது. மேடையிலே இதைக் கண்டு கைதட்டும் நாம் சந்தியிலே அதனை மறந்துவிடுகின்றோம்.

சிறு பாதையை 'ஒழுங்கை' என வழங்கும் வழக்கம் நம்முடையது. ஒழுங்கு என்னும் சொல்லோடு சேர்ந்தொலிக்கும் அப்பெயரை நாள்தோறும் உச்சரித்துக்கொண்டே, ஒழுங்கையிலிருந்து பெருவீதிக்கு வருபவனுக்கு ஒரு கணம் வழிவிட மறுக்கின்றோம். இச்சொல்லின் பொருளை அகராதியிலே தேடுவது தமிழ் பயிலும் மாணவரின் பணியாயின், அதனை வீதியிலே நிலைநாட்டுவது யாருடைய பணி?

நம் பங்கு

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலக வீதிகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர் மடிகின்றனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும், துவிச்சக்கர வண்டி, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோருமே. உடலைச் சுற்றி இரும்புக் கூடு இல்லாதவனே எங்கும் முதலில் மடிகின்றான். ஆகவே வீதி ஒழுக்கம் என்பது வெறும் நாகரிகப் பிரச்சினை ஆகாது. வலியோருக்கும் எளியோருக்கும் இடையிலான நீதிப் பிரச்சினை அது. சமத்துவத்தைப் பற்றி விரிவுரை மண்டபங்களில் மணிக்கணக்காக வாதிடும் நாம், ஐம்பது பேர் நிறைந்த பஸ் வண்டியில் ஒரு வார்த்தை பேசத் தயங்குவோமாயின், நமது வாதங்கள் வெறும் பரீட்சை விடைகளே.

காத்தான்குடியிலே வீதியின் நடுவில் பேரீச்ச மரங்கள் நிரையாக நிற்கின்றன. அவற்றைத் தாண்டி எதிர்ப்பக்கத்தைக் கவர எந்தச் சாரதியாலும் இயலாது. ஆனால் நாட்டின் வீதிகள் அனைத்திலும் மரம் நட்டு மனிதரைத் திருத்த முடியாது. மரம் இல்லாத இடத்தில் கோடு. கோடு அழிந்த இடத்தில் மனிதனின் மனம். அதுவும் தவறும் இடத்தில் பயணியின் குரல். இந்த வரிசையில் கடைசியாக நிற்பவர் நாமே.

எனவே இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களையும் விரிவுரையாளர்களையும் நான் வேண்டுவது பெரிதொன்றுமன்று. அடுத்த முறை நீங்கள் செல்லும் வண்டி கோட்டைக் கடந்து எதிரே வருபவனின் பாதியில் ஏறும்போது, 'தம்பி, மெதுவாகப் போங்கோ, எங்களுக்கு அவசரமில்லை' என்று உரத்துச் சொல்லுங்கள். நடத்துநர் முறைத்துப் பார்க்கலாம். அருகிலிருப்பவர் சிரிக்கவும் கூடும். அன்று தன்னாமுனையிலே அந்த ஒரு வசனத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மீன்களைப் பொறுக்கி எடுத்து, மண்ணைத் தட்டி, மீண்டும் பெட்டியிலே அடுக்கியிருப்பார் அவர். அவரது பாதியை அவருக்குத் திருப்பிக் கொடுக்கும்வரை, நமது வீதிகளில் எத்தனை கோடு கீறினாலும் அவை வெறும் வெள்ளைப் பூச்சே.